மிரளும் பூனைக்குச் சர்க்கரை 342: நோயா, பயமா?

கேள்வி: வடக்குவாசல், தஞ்சாவூர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக்கு வந்து ஆறு மாதமே ஆன சாம்பு என்ற பூனையைப் பற்றி, அனுபவம் உள்ளவர்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் தனியாக வாழ்ந்த ஒரு பாட்டி கடந்த ஐப்பசியில் காலமானார். காரியம் முடிந்ததும் உறவினர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவர் வளர்த்த சாம்பல் நிற ஆண் பூனை, கொல்லைப்புறத் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இருபது நாட்களுக்கு மேல் பதுங்கிக் கிடந்தது. தினமும் அந்தி நேரத்தில் கொஞ்சம் மீன் வைத்து, ஒவ்வொரு நாளும் தட்டை இரண்டு அடி நகர்த்தி, ஒருவழியாக எங்கள் வீட்டுக்குள் வரவைத்தோம். வயது எட்டு அல்லது ஒன்பது இருக்கலாம் என்று மருத்துவர் பல்லைப் பார்த்துச் சொன்னார். கருத்தடை முன்பே செய்யப்பட்டிருந்தது. பாட்டி பால் சோறும் தயிர் சோறும்தான் போட்டு வளர்த்தார் என்று அக்கம்பக்கத்தில் சொன்னதால், நாங்களும் அதையே கொடுத்து, கூடவே கடையில் விற்கும் உலர் தீனியையும் வைக்கிறோம்.

சாம்பு இன்னும் யாரையும் முழுதாக நம்பவில்லை. பாத்திரம் கீழே விழுந்தாலோ அழைப்பு மணி அடித்தாலோ பீரோவுக்குப் பின்னால் ஓடிவிடுகிறான். நான் தரையில் உட்கார்ந்திருந்தால் மட்டும் பக்கத்தில் வந்து காலை உரசுவான். கையை நீட்டினால் உடனே விலகிவிடுவான்.

பங்குனிக் கடைசியிலிருந்து அவன் தண்ணீர் குடிப்பது கூடியிருக்கிறது. கத்திரி வெயில் காலம் என்பதால் முதலில் நாங்கள் அதைப் பெரிதாக எண்ணவில்லை. ஆனால் மணல் தட்டில் கட்டிகள் முன்பைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருக்கின்றன. பசியும் அதிகம், வைத்ததையெல்லாம் தின்றுவிட்டு மறுபடியும் கேட்கிறான். அப்படியும் மாசியில் 5.1 கிலோ இருந்தவன் இப்போது 4.3 கிலோதான் இருக்கிறான். மாசியில் கழுத்தைச் சொறிந்து புண்ணாக்கிக்கொண்டதற்கு ஓர் ஊசி போட்டதைத் தவிர, வேறு மருத்துவம் எதுவும் செய்யவில்லை.

போன வாரம் அவனைத் துண்டில் சுற்றிக் கூடையில் அடைத்து, அருகிலுள்ள ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் கத்தினான். காத்திருக்கும் இடத்தில் மூன்று நாய்கள் இருந்தன. இரத்தம் எடுக்க இரண்டு பேர் அழுத்திப் பிடிக்க வேண்டியதாயிற்று, அந்தப் போராட்டத்தில் என் கையைக் கடித்தும்விட்டான். சர்க்கரை 342 என்று வந்தது. சர்க்கரை நோயாக இருக்கலாம், இன்சுலின் தொடங்க வேண்டியிருக்கும் என்று சொன்னார்கள். ஆனால் பயந்த பூனைக்குச் சர்க்கரை தானாகவே ஏறும் என்று என் தம்பி எங்கோ படித்திருக்கிறான். தொடவே விடாத ஒரு பூனைக்கு நாளைக்கு இரண்டு வேளை ஊசி போடுவது எப்படி என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த 342 என்ற எண்ணை நம்பலாமா? மறுபடியும் அதே போராட்டத்தை நடத்தாமல் உறுதி செய்துகொள்ள வழி இருக்கிறதா?

பதில் 1: இரண்டு பூனைகளின் வீடு, கோவை

வணக்கம் அம்மா. முதலில் உங்கள் கையைக் கவனியுங்கள். பூனைக் கடி ஊசி குத்தியதுபோல் ஆழமாக இறங்கும், மேலே சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளே சீழ் பிடித்துவிடும். கடித்தவுடன் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவியிருக்க வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ளவில்லை என்றால், இன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்க் காட்டிவிடுங்கள். சாம்புவுக்குத் தடுப்பூசி போடப்பட்டதா என்பது நீங்கள் எழுதியதிலிருந்து தெரியவில்லை என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் தம்பி படித்தது சரியே. பூனைகளுக்குப் பயத்தாலும் போராட்டத்தாலும் சர்க்கரை சில நிமிடங்களில் ஏறிவிடும். இயல்பாக 70 முதல் 120 வரை இருக்க வேண்டியது 300-ஐத் தாண்டுவதும் உண்டு. எங்கள் மூத்த பூனைக்கு ஒருமுறை பல் பார்க்கப் போன இடத்தில் 290 காட்டியது, மறுநாள் வீட்டில் பார்த்தபோது 98. ஆகவே இரண்டு பேர் அழுத்திப் பிடித்து எடுத்த ஒரே ஓர் எண்ணை வைத்துக்கொண்டு நோய் என்று முடிவுகட்டக் கூடாது.

ஆனால் அந்த ஒரு காரணத்தைச் சொல்லி உங்களை ஆறுதல்படுத்தவும் என் மனம் ஒப்பவில்லை. பயம் சர்க்கரையை ஏற்றுமே தவிர, இரண்டரை மாதத்தில் 800 கிராம் எடையைக் குறைக்காது. நிறையத் தின்றும் இளைப்பது, நிறையக் குடிப்பது, நிறையச் சிறுநீர் கழிப்பது ஆகிய மூன்றும் சேர்ந்து வந்திருக்கின்றன. என் இரண்டாவது பூனைக்குச் சர்க்கரை நோய் தொடங்கியபோது நான் பார்த்ததும் இதே மூன்றைத்தான். அப்போதும் வெயில் காலம்தான். வெயிலால் குடிக்கிறது என்று நான் ஒன்றரை மாதம் வீணாக்கினேன். அந்த ஒன்றரை மாதத்தில் அவளுடைய பின்னங்கால்கள் தளர்ந்து, குதிகாலைத் தரையில் பதித்து நடக்கத் தொடங்கிவிட்டாள். சர்க்கரை கூடி நரம்பு பாதிக்கப்பட்டதன் அடையாளம் அது என்று பிறகுதான் தெரிந்தது. சாம்பு எப்படி நடக்கிறான் என்று பக்கவாட்டிலிருந்து பாருங்கள்.

இதற்கு வீட்டிலேயே, அவனைத் தொடாமலே செய்யக்கூடிய இரண்டு காரியங்கள் உண்டு. தண்ணீர்க் கிண்ணத்தை அளவு குவளையால் நிரப்பி, இருபத்து நான்கு மணி நேரம் கழித்து மீதியை அளந்து, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று மூன்று நாள் எழுதி வையுங்கள். அதே தண்ணீரை அதே அறையில், பூனைக்கு எட்டாத இடத்தில் இன்னொரு கிண்ணத்தில் வைத்தால், வெயிலில் ஆவியாகிப் போவது எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும், அதைக் கழித்துக்கொள்ளலாம். எடையில் ஒரு கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் ஒரு நாளில் குடித்தால் அது அதிகம் என்பதில் சந்தேகமே இல்லை. சாம்புவுக்கு அந்த எல்லை 430 மில்லி.

இன்னொன்று சிறுநீர். மணல் தட்டைக் காலியாக்கி நன்றாகக் கழுவிக் காயவைத்து, மீன் தொட்டியில் போடும் கூழாங்கல்லைக் கொதிநீரில் அலசி மெல்லிய படலமாகப் பரப்பி வையுங்கள். அது ஈரத்தை உறிஞ்சாது. அவன் போனபின் தட்டைச் சாய்த்துச் சிரிஞ்சால் எடுத்துவிடலாம். சர்க்கரையையும் கீட்டோனையும் (சர்க்கரையைப் பயன்படுத்த முடியாத உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் பொருள்) காட்டும் சிறுநீர் ஸ்ட்ரிப் மருந்துக் கடையில் கிடைக்கும். வீட்டில் அமைதியாக இருக்கும் நேரத்தில் எடுத்த சிறுநீரில், இரண்டு மூன்று நாள் தொடர்ந்து சர்க்கரை தெரிந்தால், அதைப் பயத்தின்மேல் போட முடியாது. கீட்டோன் தெரிந்தால் மட்டும் அன்றைக்கே மருத்துவரிடம் ஓடுங்கள், மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

ஒரு வேண்டுகோள். பயத்தில் உணவைக் குறைத்துப் பட்டினி போட்டுவிடாதீர்கள். மனிதர்களுக்குச் சர்க்கரை என்றால் சோற்றைக் குறைப்பதுபோல் இதை எண்ணக் கூடாது. பூனை இரண்டு மூன்று நாள் தின்னாமல் கிடந்தால் ஈரலில் கொழுப்பு சேர்ந்து, அதுவே உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

பதில் 2: கால்நடை மருத்துவர், நாமக்கல் பகுதி

பூனையை நேரில் பார்க்காமல் நோயை உறுதி செய்வதோ மருந்தின் அளவைச் சொல்வதோ முறையல்ல. ஆயினும் உங்கள் மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதைச் சொல்ல முடியும்.

கோவை அன்பர் சொன்னவற்றோடு நான் உடன்படுகிறேன். பூனையின் இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 250-ஐத் தாண்டி நீடிக்கும்போதுதான் சிறுநீரகம் அதைத் தடுத்து நிறுத்த இயலாமல் சிறுநீரில் விடுகிறது. சர்க்கரை வெளியேறும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது, அதனால்தான் தாகம். கடுமையான பயம் நெடுநேரம் நீடித்தாலும் சிறுநீரில் சிறிது சர்க்கரை வரலாம் என்பதால், மருத்துவமனையில் எடுத்த சிறுநீரைவிட வீட்டில் எடுத்ததே நம்பகமானது.

இரத்தத்தில் ஃப்ரக்டோசமைன் என்ற பரிசோதனையைக் கேளுங்கள். கடந்த ஒன்று முதல் மூன்று வாரங்கள் வரை சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்பதை அது காட்டும். அரைமணி நேரப் பயம் அந்த எண்ணை மாற்றாது. சிறிய ஊர்களில் இரத்தத்தை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும், முடிவு வரச் சில நாட்கள் ஆகலாம். அதே இரத்தத்தில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும், தைராய்டும் பார்த்துவிடச் சொல்லுங்கள். வயதான பூனை நிறையத் தின்றும் இளைக்கிறது என்றால் தைராய்டு மிகையாகச் சுரப்பதையும், நிறையக் குடிக்கிறது என்றால் சிறுநீரகக் குறைபாட்டையும் விலக்காமல் முடிவுக்கு வரக் கூடாது. மேலும், தைராய்டு மிகையாக இருந்தால் ஃப்ரக்டோசமைன் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும் என்பதால், இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

தஞ்சாவூருக்கு அருகில் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உள்ளூரில் இந்தப் பரிசோதனைகளுக்கு வழியில்லை என்றால் அங்கே விசாரித்துப் பாருங்கள். எங்கே போனாலும், முன்கூட்டியே தொலைபேசியில் பேசி, நாய்கள் குறைவாக இருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போவது நல்லது. புறப்படுவதற்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன் கேபாபென்டின் என்ற மருந்தை உணவில் கலந்து கொடுத்தால், இத்தகைய பூனைகள் பெருமளவு அமைதியாகிவிடும். அளவை உங்கள் மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும். சிறுநீரகம் பழுதுபட்ட பூனைக்கு அளவைக் குறைக்க வேண்டும். வீட்டில் இருக்கும் வேறு எந்த மாத்திரையையும், குறிப்பாகப் பாராசிட்டமாலை, பூனைக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

எனக்கு ஒரு விவரம் தேவைப்படுகிறது. மாசியில் கழுத்துப் புண்ணுக்குப் போட்ட ஊசி என்ன ஊசி? மருந்துச் சீட்டு இருந்தால் பெயரைப் பார்த்து எழுதுங்கள்.

வடக்குவாசல்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கடிபட்ட அன்றே கையைக் கழுவி, மறுநாள் அரசு மருத்துவமனையில் முதல் தடுப்பூசி போட்டுக்கொண்டேன், மீதியையும் அவர்கள் சொன்ன தேதிகளில் போட்டுவருகிறேன்.

மூன்று நாள் அளந்து பார்த்தோம். ஆவியானதைக் கழித்தபின் 460, 440, 470 மில்லி. கூழாங்கல் யோசனையை முதல் நாள் சாம்பு ஏற்கவில்லை, தட்டைச் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் குளியலறை மூலையில் போய்விட்டான். இரண்டாவது நாள் அவனுடைய பழைய மணலில் ஒரு கைப்பிடியை ஓரத்தில் மட்டும் தூவி வைத்தேன், அந்த மணம் தெரிந்ததும் இறங்கினான். ஸ்ட்ரிப்பில் சர்க்கரைக் கட்டம் கடைசி நிறத்துக்குப் போய்விட்டது. மூன்றாவது நாளும் அப்படியே. கீட்டோன் கட்டம் இரண்டு நாளும் நிறம் மாறவில்லை. நடை சரியாகத்தான் இருக்கிறது, குதிகால் தரையில் படவில்லை.

மருந்துச் சீட்டைத் தேடி எடுத்தேன். மெத்தில்பிரெட்னிசலோன் என்று எழுதியிருக்கிறது. ஒரு மாதம் வரை வேலை செய்யும் ஊசி, அடிக்கடி மாத்திரை கொடுக்க வேண்டியதில்லை என்று அப்போது சொன்னார்கள். சொறிச்சல் நிற்காததால் பங்குனி நடுவில் இன்னொரு முறையும் அதையே போட்டிருக்கிறார்கள். அதை நான் மறந்தே போயிருந்தேன்.

பதில் 3: கால்நடை மருத்துவர், நாமக்கல் பகுதி

நான் ஐயப்பட்டது அதைத்தான். அது நெடுநாள் வேலை செய்யும் ஸ்டீராய்டு. இன்சுலினின் சொல்லை உடல் கேட்காதபடி ஸ்டீராய்டு தடுத்துவிடும், ஈரலிலிருந்து சர்க்கரை கூடுதலாக வெளிவரவும் செய்யும். நடுவயதைக் கடந்த, கொஞ்சம் பருமனான, கருத்தடை செய்த ஆண் பூனைகளுக்குத்தான் இந்த நோய் வரும் வாய்ப்பு இயல்பிலேயே அதிகம். அப்படிப்பட்ட பூனைக்கு இந்த ஊசி இரண்டு முறை போட்டால், மறைந்திருந்த நோய் வெளிப்பட்டுவிடுவது உண்டு. சொறிச்சலுக்கு அது பலன் தரும் மருந்து என்பதும் உண்மையே, போட்டவர் தெரிந்து தீங்கு செய்தார் என்று கொள்ள வேண்டாம். நீங்களும் உங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

இதில் நம்பிக்கைக்கும் இடம் இருக்கிறது. பூனைகளுக்கு வரும் சர்க்கரை நோய் பெரும்பாலும் மனிதர்களின் இரண்டாம் வகை நோயை ஒத்தது. காலம் கடத்தாமல் இன்சுலின் தொடங்கிச் சர்க்கரையை இறக்கிவிட்டால், களைத்துப்போன கணையம் மீண்டும் வேலை செய்யத் தொடங்கி, சில மாதங்களில் இன்சுலினே தேவைப்படாத நிலைக்கு வரும் பூனைகள் உண்டு. ஸ்டீராய்டால் வந்ததென்றால், அந்த மருந்து உடலைவிட்டு நீங்கியபின் அந்த வாய்ப்பு இன்னும் கூடுகிறது. எல்லாப் பூனைகளுக்கும் அப்படி நடக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன், ஆனால் முயல்வதற்கு உரிய பூனை சாம்பு. ஃப்ரக்டோசமைனைப் பார்த்துவிட்டு உங்கள் மருத்துவர் இன்சுலின் தொடங்கச் சொன்னால், ஊசிக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். இந்த இரண்டு ஊசிகளின் விவரத்தையும் அவரிடம் காட்டுங்கள்.

இன்சுலினைப் பற்றி மிக முக்கியமான ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டு மருந்துக் கடைகளில் ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள இன்சுலினும், 100 யூனிட் உள்ள இன்சுலினும் கிடைக்கின்றன. 40-க்கு உரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100-க்கு உரியதன் மூடி ஆரஞ்சு. பூனைகளுக்கு எழுதித்தரும் கிளார்ஜின் என்ற இன்சுலின் 100 யூனிட் வகையைச் சேர்ந்தது. அதைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் ஒரு கோடு அளவு இழுத்தால், உள்ளே போவது இரண்டரை யூனிட். நான்கு கிலோ உடலுக்கு அது பெரிய பிழை. கடைக்காரர் எதைக் கொடுத்தாலும் குப்பியிலும் சிரிஞ்சிலும் எழுதியிருப்பதைச் சேர்த்துப் பாருங்கள். கிளார்ஜினில் தண்ணீரோ வேறெதுவுமோ கலக்கக் கூடாது. குளிர்பெட்டியின் நடுத்தட்டில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்துவிட்டால் அதைப் பயன்படுத்தக் கூடாது.

சர்க்கரை ஏறுவதைவிட இறங்குவதுதான் அன்றாட ஆபத்து. தள்ளாட்டம், சோர்வு, வெறித்த பார்வை, வலிப்பு ஆகியவற்றில் எது தெரிந்தாலும், தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ ஈறில் தடவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நினைவு தப்பிய பூனையின் வாயில் ஊற்றாதீர்கள், அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். தின்ன மறுத்த வேளையில், மருத்துவரைக் கேட்காமல் வழக்கமான அளவு ஊசியைப் போடாதீர்கள்.

உணவு முறையும் மாற வேண்டும். பூனை இறைச்சி தின்னும் உயிர், சோற்றையும் பாலையும் கொண்டு அதன் உடல் நடக்காது. உலர் தீனியிலும் மாவுச்சத்து அதிகம். மாவுச்சத்துக் குறைந்த ஈர உணவுக்குப் படிப்படியாக மாற்றுங்கள். ஆனால் இன்சுலின் தொடங்கியபின் நீங்களாகத் திடீரென்று சோற்றை நிறுத்தினால், அதே இன்சுலின் அளவு அன்றைக்கு அதிகமாகிவிடும். எந்த மாற்றத்தையும் மருத்துவருக்குத் தெரிவித்துவிட்டே செய்யுங்கள். வீட்டில் சமைத்த மீனும் கோழியும் மட்டும் போதாது, அவற்றில் பூனைக்கு இன்றியமையாத டாரின் என்ற சத்தும் சுண்ணாம்புச் சத்தும் சரியான அளவில் இருப்பதில்லை.

பதில் 4: திண்ணைப் பூனைகள், யாழ்ப்பாணம்

வணக்கம் அக்கா. மருத்துவத்தைப் பற்றி மேலே நன்றாகச் சொல்லிவிட்டார்கள். மிரளும் பூனையைப் பழக்குவது பற்றி மட்டும் எழுதுகிறேன். தெருவிலிருந்து எடுத்த பூனைகளோடுதான் பதினோரு வருடமாக இருக்கிறேன், அவற்றில் ஒன்றுக்கு மூன்று வருடம் இன்சுலின் போட்டேன்.

கூடையை நீங்கள் மருத்துவமனைக்குப் போகும் நாளில் மட்டும் எடுப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் அதைக் கண்டாலே அவனுக்கு நடுக்கம். இன்றைக்கே அதன் கதவைக் கழற்றிவிட்டு, அவன் படுக்கும் அறையில் வைத்து, உள்ளே உங்கள் பழைய சேலைத் துண்டு ஒன்றைப் போட்டு, தினமும் ஒரு வேளை உணவை அதற்குள்ளேயே வையுங்கள். இரண்டு வாரத்தில் அவனே அதற்குள் தூங்குவான். மேலே திறக்கும் கூடையாக இருந்தால் இன்னும் நல்லது, இழுத்து எடுக்க வேண்டியதில்லை, மேல் மூடியைக் கழற்றி அவன் உட்கார்ந்த இடத்திலேயே இரத்தம் எடுக்கலாம். போகும்போது ஒரு துணியால் மூடிக்கொண்டு போங்கள். காத்திருக்கும் இடத்தில் கூடையைத் தரையில் வைக்காதீர்கள், மடியிலோ நாற்காலியிலோ வைத்திருங்கள்.

பீரோவுக்குப் பின்னால் ஒளிவதைத் தடுக்காதீர்கள். ஆனால் அதைவிட நல்ல ஒளிவிடம் ஒன்றைக் கொடுங்கள். இரண்டு பக்கமும் வாசல் வெட்டிய அட்டைப்பெட்டியைச் சுவரோரம் வைத்தால் போதும். ஒளிந்திருக்கும் இடத்திலிருந்து பிடித்து இழுத்து ஊசி போடுவதை மட்டும் ஒருநாளும் செய்யாதீர்கள். ஒருமுறை அப்படிச் செய்தால், பிறகு பல மாதங்களுக்கு எந்த இடமும் அவனுக்குப் பாதுகாப்பானதாக இருக்காது.

ஊசி என்றவுடன் நீங்கள் கற்பனை செய்வது மருத்துவமனை ஊசியை. இன்சுலின் ஊசி மயிர் போன்றது, பெரும்பாலான பூனைகள் தின்றுகொண்டிருக்கும்போது அது குத்துவதையே கவனிப்பதில்லை. இன்சுலின் தொடங்கும் முன்பே ஒத்திகையைத் தொடங்குங்கள். காலையும் மாலையும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், தட்டை வைத்துவிட்டு அருகில் தரையில் உட்காருங்கள். முதல் சில நாள் தொடவே வேண்டாம். பிறகு அவன் தின்னும்போது விலாப்பக்கத்தில் ஒரு விரலால் தொட்டு எடுங்கள். அதற்குப் பழகியபின் தோலை இரண்டு விரலால் மெல்லத் தூக்கி விடுங்கள். அடுத்து, மூடி போட்ட சிரிஞ்சால் அந்த இடத்தைத் தொடுங்கள். அவன் தட்டைவிட்டு விலகினால் நீங்கள் அவசரப்பட்டிருக்கிறீர்கள் என்று பொருள், முந்தின படிக்குத் திரும்புங்கள். எங்கள் பூனைக்கு இந்த ஒத்திகை பன்னிரண்டு நாள் ஆனது. பதின்மூன்றாவது நாள் உண்மையான ஊசியைப் போட்டபோது, அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மருத்துவர் உடனே தொடங்கச் சொன்னால் இவ்வளவு நாள் கிடைக்காதுதான், கிடைக்கும் நாலைந்து நாளையாவது விடாதீர்கள்.

காதில் சொட்டு இரத்தம் எடுப்பதற்கும் இதே வழிதான். காது மடலின் ஓரத்தில் குத்த வேண்டும். முதலில் வெதுவெதுப்பான துணியைச் சில வினாடி காதில் வைத்தால் இரத்தம் எளிதில் வரும். குத்தியபின் உடனே ஒரு துண்டு அவித்த கோழி கொடுங்கள், அந்தத் துண்டை வேறு எந்த வேளையிலும் கொடுக்காதீர்கள். மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர் பூனை இரத்தத்தில் உள்ளதைவிடக் குறைத்தே காட்டும். அதனால் எப்போதும் ஒரே மீட்டரை வைத்துக்கொண்டு, எந்த மீட்டர் என்பதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

வடக்குவாசல் (ஏழு வாரங்களுக்குப் பின்):

யாராவது இதே கேள்வியோடு வந்தால் பாதியில் நிற்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

கேபாபென்டின் கொடுத்து, மூடிய கூடையில், மதியம் இரண்டு மணிக்கு ஒரத்தநாட்டுக்குக் கொண்டுபோனோம். சாம்பு கண் திறந்தபடி ஆனால் தளர்ந்து கிடந்தான், ஒரே ஆள் பிடித்து இரத்தம் எடுத்தார். அவ்வளவு அமைதியாக இருந்தும் சர்க்கரை 318. ஃப்ரக்டோசமைன் மிகவும் கூடுதலாக வந்தது. கிரியாட்டினினும் தைராய்டும் சரியாக இருந்தன. கிளார்ஜின் ஒரு யூனிட் வீதம் இரண்டு வேளை தொடங்கினார்கள். மருந்துக் கடையில் முதலில் சிவப்பு மூடிச் சிரிஞ்சைத்தான் கொடுத்தார்கள். இங்கே படித்திராவிட்டால் நான் அதை வாங்கிக்கொண்டு வந்திருப்பேன், அதை நினைத்தால் இப்போதும் உடல் நடுங்குகிறது.

எங்களுக்கு ஒத்திகைக்கு ஆறு நாள்தான் கிடைத்தது. முதல் வாரத்தில் மூன்று ஊசிகள் தோலின் மறுபக்கம் வழியாக வெளியே போய் உரோமம் நனைந்தது. எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாதபோது மறுபடியும் போடக் கூடாது, அந்த வேளையை விட்டுவிட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இரண்டாவது வாரத்தில் கை பழகிவிட்டது. பால் சோற்றை நிறுத்தியதுதான் ஊசியைவிடக் கடினமாக இருந்தது. மாலையில் அடுக்களை வாசலில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பழைய கிண்ணத்தையே பார்ப்பான். பாட்டி கொடுத்த உணவு அது என்பதால் என் அம்மா கலங்கிவிட்டார். ஈர உணவில் கொஞ்சம் மத்தி மீன் வேகவைத்த தண்ணீரை ஊற்றிக் கொடுத்து, பதினைந்து நாளில் மாற்றினோம்.

ஐந்தாவது வாரம் தண்ணீர் 210 மில்லிக்கு வந்துவிட்டது. எடை 4.6 கிலோ. போன செவ்வாய்க்கிழமை காலை, ஊசிக்கு முன் காதில் பார்த்தபோது 84 காட்டியது. மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டோம். அன்று ஊசி வேண்டாம் என்றார், மாலையில் 102, அப்போதும் வேண்டாம் என்றார். இப்போது எட்டு நாளாக இன்சுலின் இல்லை, எண்கள் 80-க்கும் 115-க்கும் இடையில் நிற்கின்றன. டாக்டர் ஐயா, இனி எவ்வளவு நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்? சொறிச்சல் மறுபடியும் வந்தால் என்ன செய்வது?

பதில் 5: கால்நடை மருத்துவர், நாமக்கல் பகுதி

மிகவும் மகிழ்ச்சி. ஆயினும் இதை நோய் நீங்கியதாகக் கொள்ளாதீர்கள், அடங்கியிருப்பதாகக் கொள்ளுங்கள். அடங்கிய நோய் திரும்பி வருவதும் உண்டு. முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு முறையும், பிறகு வாரத்துக்கு ஒரு முறையும் காதில் பாருங்கள். உங்கள் மருத்துவர் வேறு கணக்குச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். எடையையும் தண்ணீர் அளவையும் மாதம் ஒருமுறை எழுதுங்கள். கோழித் துண்டையும் காது குத்தும் பழக்கத்தையும் விட்டுவிடாதீர்கள், மீண்டும் தேவைப்பட்டால் புதிதாகப் பழக்க வேண்டியிருக்கும்.

சொறிச்சலுக்கு முதலில் உண்ணி, தெள்ளுப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்து, பூனைக்கு உரிய மருந்தால் அவற்றை ஒழியுங்கள். நாய்க்கு விற்கும் பெர்மெத்ரின் கலந்த மருந்தைத் தொடவே வேண்டாம், அது பூனைக்கு நஞ்சு. அதன்பின்னும் சொறிந்தால் ஸ்டீராய்டு அல்லாத வழிகளை உங்கள் மருத்துவர் யோசிப்பார். சாம்புவின் மருத்துவச் சீட்டு நோட்டின் முதல் பக்கத்தில், ஸ்டீராய்டு ஊசியால் சர்க்கரை நோய் வந்த பூனை என்று சிவப்பு மையில் எழுதி வையுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் வேறு யாராவது வேறொரு மருத்துவரிடம் கொண்டுபோனாலும், அவர் கண்ணில் முதலில் படுவது அதுவாக இருக்க வேண்டும்.